அடியில் தங்கிய மருந்து

நாய் சுருண்டு விழுந்ததற்குக் காரணம் அதன் ரத்தத்துக்குள் செத்துப்போன புழுக்கள்தான் என்று, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு நிச்சயதார்த்தச் சபையில் நான் சொன்னேன். சபை சிரித்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்ற பேதமில்லாமல் சிரித்தது. வேடிக்கையாக எழுதிப் பிழைக்கப் பார்த்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வெற்றி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

நிச்சயம் எங்கள் அத்தைக்கு. அய்யாவின் கடைசித் தங்கை. விழுந்த நாயின் பெயர் துரை. இந்தக் கதையில் பெயர் உள்ள ஆள் அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. துரை சிவலை நிறம். ஒரு காது நுனியில் கிழிந்திருக்கும். அத்தை ஒருத்திக்கு மட்டும்தான் அடங்கும். மற்றவர்கள் தொட்டால் பல்லைக் காட்டும். சோறு வைக்கும் அம்மாவிடம்கூட அதற்கு மரியாதை இருந்ததே தவிர பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருடமும் உண்டு, இல்லாத வருடமும் உண்டு. கொசு எல்லா வருடமும் இருந்தது. மனிதர்களைக் கடித்து மிச்சமிருந்த நேரத்தில் அவை துரையைக் கடித்தன. அது ஒரு முக்கியமான தகவல் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை ராமநாதபுரத்தில் ஆசிரியர் பயிற்சி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பெரிய அட்டைகளைத் தரையில் விரித்துப் படம் வரைவாள். பூவின் பாகங்கள், மழை பெய்யும் விதம், தவளையின் பருவங்கள். துரை அட்டையின் ஓரத்தில் படுத்திருக்கும். நான் எதிர் ஓரத்தில் படுத்து, அவளுடைய கலர் பென்சில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொட அனுமதி இல்லை.

மாப்பிள்ளைக்குச் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம். மிளகாய் மண்டி வைத்திருந்த குடும்பம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சுவரில் மாட்டியிருந்த தவளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்ச வரைக்கும் போதும். எங்க வீட்டுல பொம்பளைய வேலைக்கு அனுப்புற பழக்கம் இல்ல" என்றார்.

"ஆகட்டும்" என்றார் அய்யா. ஒரு காப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார்.

அத்தை மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் அட்டைகளைச் சுருட்டிப் பரணில் போட்டாள். கலர் பென்சில் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்கா? முழுசுமா?"

"ஆமாலே மருமகனே. எனக்கு இனி எதுக்கு?"

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சம்பந்தம் அமைந்ததில்லை. இந்தக் கல்யாணம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பஞ்சாங்கத்தில் அந்த நாள் அத்தனை அம்சங்களோடும் இருந்தது. நல்ல நாளை ஒரே ஒரு காரியத்துக்குச் செலவழிக்க அய்யாவுக்கு மனம் வராது. விதை நெல் எடுப்பது, எனக்கு முடி வெட்டுவது, சண்டைபோட்ட பங்காளியிடம் பேச்சுவார்த்தையைத் தொடங்குவது எல்லாவற்றையும் நல்ல நாளுக்காகச் சேர்த்து வைத்திருந்து ஒரே மூச்சில் முடிப்பார். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதற்கும் எங்கள் பக்கம் நாள் பார்ப்பது உண்டு. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பாகவே, விடிந்தும் விடியாமல், ஆடுகளை வரிசையாக நிறுத்தி மூங்கில் குழாயால் ஒவ்வொன்றின் வாயிலும் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா விசேஷத்துக்குக் கட்டிய சேலையோடேயே ஆட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற வருடங்களில் கடைசி ஆட்டோடு பாட்டில் காலியாகிவிடும். அந்த வருடம் நிச்சயச் செலவுக்காக இரண்டு கிடாய்களை விற்றிருந்தார்கள். அவற்றின் பங்கு பாட்டிலின் அடியில் தங்கிவிட்டது. கெட்டியாக, வெள்ளையாக.

"அடியில தங்குறதுலதான் சத்தே இருக்கு" என்றார் அய்யா. சுற்றிலும் பார்த்தார். துரை வாசலில் உட்கார்ந்தபடி பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்துகொண்டிருந்தது. சம்பந்தி வரும் நாளில் அது பார்க்க நன்றாக இல்லை. "இவனுக்கும் வயித்துல பூச்சிதான். ஏத்தா, இங்கன வந்து இவன் வாயைப் புடி."

அத்தை பட்டுச்சேலை கசங்காமல் குத்தவைத்து உட்கார்ந்து துரையின் வாயைத் திறந்து பிடித்தாள். மிச்சம் முழுவதும் உள்ளே போனது. இது ரகசியமாக நடக்கவில்லை. ஊருக்கே தெரியும். நானும் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா "நாய்க்கும் சேத்தா? நல்லது" என்று பாராட்டக்கூடச் செய்தார்.

மாமா என்பது அம்மாவின் அண்ணன். துப்பறியும் கதைகளை மட்டும் படித்து, அதன் காரணமாக யாரையும் நம்பாமல் வாழ்ந்தவர். இவர் முக்கியம்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். இறங்கியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் நட்புக்கு அடையாளமாகத் தன் பையிலிருந்த மைசூர்பாகில் ஒரு துண்டைத் துரைக்கு எறிந்தார். துரை அதைக் காற்றிலேயே பிடித்துத் தின்றது. எல்லோரும் ரசித்தார்கள். பிறகு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசி, தட்டு மாற்றுவதற்காக இரண்டு பக்கப் பெரியவர்களும் எழுந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் துரை உள்ளே வந்தது. அப்படி உள்ளே வரும் பழக்கம் அதற்கு இல்லை. மூஞ்சி வீங்கி, கண் இரண்டும் கோடாகச் சுருங்கியிருந்தது. ரோமத்துக்கு அடியில் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. அத்தையை நோக்கி நாலடி வைத்தது. பின்னங்கால் மடங்கியது. தாம்பூலத் தட்டுக்கு நேர் கீழே, மாப்பிள்ளையின் அப்பா காலடியில் வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்தது.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் முடிவுக்கு வந்தன. முடிவுதான் வேறு வேறு.

"தட்டு மாத்தயில உசுரு விழுகுது. இது நல்லதுக்கில்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு.

"உசுரு சும்மா விழுகுமா? வெளியாளு கையால என்ன தின்னுச்சுன்னு கேளுங்க" என்றார் மாமா.

"யோவ், யாரைச் சொல்ற?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"மைசூர்பாகைச் சொல்றேன்."

"நாங்க நாய்க்கு வெசம் வைக்கத்தான் சிக்கல்ல இருந்து வேன் புடிச்சு வந்தமாக்கும்?"

"அப்ப மிச்சத்தை நீங்க தின்னு காட்டுங்க."

தாய்மாமன் தயங்கினார். "எனக்குச் சக்கரை வியாதி இருக்கு" என்றார்.

மாமா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் படித்த கதைகளில் குற்றவாளி மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

ஆட்டு மருந்து யார் நினைவுக்கும் வராமல் இல்லை. அம்மா மெல்ல அதைச் சொல்லிப் பார்த்தாள். அய்யா விடவில்லை. "அதே மருந்தைக் குடிச்ச அத்தனை ஆடும் அங்கன துள்ளிக்கிட்டு நிக்கிது. நாய்க்கு மட்டும் மருந்து வெசமாயிருமாக்கும்?" என்று அவள் வாயை அடைத்தார். வாதம் என்ற முறையில் அதில் குறை சொல்ல இன்றும் எனக்கு வராது.

"முதல்ல அதைத் தூக்கிட்டு வெளிய போங்க" என்று அய்யா கத்தினார். தொட்டால் கடிக்கும் என்று யாரும் கிட்டே போகவில்லை. அத்தை எழுந்தாள். துரையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போனாள். அய்யா சொன்ன 'வெளியே' வாசலோடு முடிகிற ஒன்று. அத்தை அதை உச்சிப்புளி வரைக்கும் நீட்டிக்கொண்டாள். நான் பின்னால் ஓடினேன். நிச்சயப் பெண் வெளியேறியதைச் சண்டையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மெயின்ரோட்டில் மீன் வண்டி ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் மீன் விற்காது என்பதால், டவுனில் ஐஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் அந்த அண்ணன். முன்கண்ணாடியில் ஜெபமாலை ஆடியது.

"என்ன தங்கச்சி, கல்யாணப் பொண்ணு மாரி இருக்க, நாயைத் தூக்கிட்டு ஓடுற?"

"நிச்சயப் பொண்ணுண்ணே. மாட்டாஸ்பத்திரியில எறக்கி விடுங்க."

"மாதாவே!" என்றார். கதவைத் திறந்துவிட்டார். "முன்னாலயே ஏறு. பின்னால ஐஸு. அதுக்கு ஏற்கனவே காது சில்லுன்னு இருக்கு பாரு." வண்டியை எடுத்துவிட்டு, "மாப்பிள்ளை யாரு? பின்னாலயே ஓடி வாராரே, இவரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அத்தை சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் மடியில் துரை வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈறு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. செத்துவிடும் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கோயமுத்தூர்ப் பக்கத்து இளைஞர். துரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தவர் அடுத்த கேள்வி கேட்கும் முன் ஊசியைப் போட்டார். இன்னொரு ஊசி. காலில் ரோமத்தைச் சிரைத்து குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகுதான் விசாரித்தார்.

"காலைல என்ன குடுத்தீங்க?"

அத்தை சொன்னாள்.

அவர் துரையின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "வாங்க, நீங்களே பாருங்க" என்று அத்தையைக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நூல் மாதிரி நெளியுது சார்."

"அதுதாங்க. கொசு கடிச்சு வர்ற புழுவோட குஞ்சு. ரத்தம் பூராவும் ஓடிட்டு இருக்குது. உசுரோட இருக்கிற வரைக்கும் நாய்க்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. மருந்து குடுத்தா கூட்டமாச் செத்துப்போவும். அத்தனையும் ஒரே நேரத்துல செத்துக் கரைஞ்சா ஒடம்பு தாங்காதுங்க. அலர்ஜியாகி, ரத்த ஓட்டம் எறங்கி, இப்படித்தான் விழும். உங்க ஆட்டுக்கு இந்தப் புழு இல்ல. அதனால ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல."

நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ அசைந்தது. என் கண்ணிமை முடியாக இருந்திருக்கலாம்.

"மிட்டாய் தின்னுச்சு சார்" என்றாள் அத்தை. "அதுல வெசம்னு வீட்டுல ஒரே சண்டை."

"விஷமெல்லாம் இல்லீங்க. போய் நான் சொன்னேன்னே சொல்லுங்க. பாவம், யாரையாச்சும் அடிச்சுப்போடப் போறாங்க." பிறகு அவளை நன்றாகப் பார்த்து, "வீட்ல என்னங்க விசேஷம்?" என்றார்.

"நிச்சயம் சார்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

டாக்டர் வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு, குளுக்கோஸ் சொட்டும் வேகத்தைச் சரிசெய்தார். பாட்டில் பாதி இறங்கியபோது துரை வாலை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அத்தை திரும்பவும் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தாள்.

நாங்கள் வாடகைக் காரில் வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. சண்டைபோட்டுக் கிளம்பும்போது ராகுகாலம் தொடங்கிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் வேன் ஏற மாப்பிள்ளை வீட்டாருக்குத் துணிவில்லை. ஆகவே இரண்டு தரப்பும் ஜமுக்காளத்தின் இரண்டு ஓரங்களில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராகுகாலம் கழியக் காத்திருந்தன. கொல்லையில் சமையல் வாசனை. எல்லோருக்கும் பசி. பசியில் மனிதர்கள் கொஞ்சம் இளகியும் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நியாயஸ்தர். அவர்தான் சொன்னார்: "டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டுருவோம். வெசம் இல்லைன்னா, நடந்ததை மறந்துட்டுத் தட்டை மாத்திருவோம். நாயும் பொழைச்சிருச்சுல்ல."

மாப்பிள்ளையின் அம்மாகூட மறுக்கவில்லை. அய்யாவின் முகத்தில் ரத்தம் ஓடியது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். சேலையில் மீன் வாசனையோடும் நாய் ரோமத்தோடும், துரையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள். "ஊசி போட்டாரு. என்னத்தத் தின்னுச்சோன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், அத்தைக்கு டாக்டர் சொன்னது புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. நான் சபைக்கு நடுவில் போய் நின்று, மேலே சொன்ன வெற்றியை ஈட்டினேன்.

"ரத்தத்துக்குள்ள புழு இருந்துச்சாம். கொசு விட்ட புழு. அய்யா குடுத்த மருந்துல அது அம்புட்டும் செத்துப்போச்சாம். அதான் துரை விழுந்துச்சாம்."

முதலில் மாமா சிரித்தார். பிறகு தாய்மாமன். "புழு செத்தா நாய் நல்லால்லடா இருக்கணும்? நாயி எதுக்குடா சாகுது, துக்கத்துலயா?" என்று மாப்பிள்ளையே கேட்டார்; அன்று அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். ஜமுக்காளத்தின் இரண்டு ஓரமும் குலுங்கியது. நான் அத்தையைப் பார்த்தேன். நீ சொல்லேன் அத்தை, மிசின்ல பார்த்தோமே.

"சின்னப்பய" என்றாள் அத்தை. "அங்கன எதையோ மிசின்ல பாத்துட்டு வந்து ஒளர்றான்."

சிரிப்பு அடங்கியதும் மாமா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "என்னத்தத் தின்னுச்சோன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல?" தாய்மாமன் பொறுமையிழந்து, பையிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து, சர்க்கரை வியாதியையும் பொருட்படுத்தாமல், எல்லோர் முன்னாலும் கடித்துத் தின்றார். "வெசத்தை அந்தத் துண்டுல மட்டும் வச்சிருப்பான்" என்று மாமா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். மெல்லச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். ராகுகாலம் முடிந்த மறுநிமிடம் வேன் கிளம்பிவிட்டது. பந்திச் சாப்பாட்டை நாங்கள் மட்டும் இரண்டு வேளை சாப்பிட்டோம்.

அன்று சாயங்காலம் அத்தை என்னிடம் வந்து கலர் பென்சில் பெட்டியைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பதை நான் அறிந்தது அப்போதுதான். அழுது பார்த்தேன். ஊசியை நினைத்துப் பயந்துகிடந்த துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, முனை மழுங்கிய பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டே, "வேற வாங்கித் தாரேன்லே" என்றாள். சபையில் என்னைப் பொய்யனாக்கியதையும் இதையும் சேர்த்து, நான் அவளோடு வெகுநாள் பேசவில்லை.

அத்தை புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. பயிற்சியை முடித்தாள். வேலை கிடைத்தது. பிறகு அய்யா பார்த்த வேறொரு மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டு திருவாடானைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் தவளையின் பருவங்களைச் சொல்லிக்கொடுத்தாள். அதைவிட அதிகமாக வாக்காளர் பட்டியல் சரிபார்த்தாள். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று, இப்போது முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெளிநாட்டு வேலைக்குப் போன என் மகள் தன் நாயை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள். எனக்கும் அதற்கும் ஒரே வயதின் அலுப்பு. போன மாதம் அதற்குப் பூச்சி மாத்திரை வாங்கப் போனபோது, முதலில் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஏன் என்று கேட்டேன். கொசு, ரத்தத்தில் குஞ்சுகள், ஒரே நேரத்தில் செத்தால் அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருடம் கழித்து என் கட்சிக்கு ஒரு சாட்சி. வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, துரை விழுந்ததுக்கு உண்மையிலேயே புழுதான் காரணமாம். இப்ப டாக்டர் சொல்றாங்க."

மறுமுனையில் தைலப் பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது.

"அதைத்தான் அந்தக் கோயமுத்தூர் டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, மருமகனே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ நடுவுல போயி நின்னு ஒண்ணு விடாம ஒப்பிச்ச. எனக்கு உசுரே இல்ல. எங்க நம்பித் தொலைச்சிருவாங்களோன்னு."

அன்று நான் பேசியபோது, துரையின் முதுகில் இருந்த அத்தையின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாயை நினைத்துத்தான் நடுங்குகிறாள் என்று எண்ணி, சபை சிரித்து முடித்த பிறகு நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையையும் அதன் முதுகில் வைத்து, "பொழைச்சிரும் அத்தை" என்றேன்.